சிடி அலமாரி: வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க ஒரு அலமாரி. அதில் சுமார் 900 படம் இருக்கிறது: விசிடி, டிவிடி, கொஞ்சம் ப்ளூ-ரே, கீழ்த்தட்டில் ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட். சேலத்தில் இது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘சிடி’தான், நானும் அப்படியே சொல்கிறேன். காஸ் சிலிண்டர் போட வருகிறவரில் இருந்து தூரத்துச் சொந்தம் வரைக்கும் அந்த அலமாரியைப் பார்த்ததும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

எல்லாம்தான் போனிலேயே வருகிறதே, இதை எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்க?

எல்லாம் வருவதில்லை. வருவதும் தங்குவதில்லை. ஓடிடிக்காரர்கள் ஒரு படத்தை இத்தனை வருடத்துக்கு என்று உரிமை வாங்கிப் போடுகிறார்கள், கெடு முடிந்ததும் படம் போய்விடும், நமக்கு யாரும் சொல்லியனுப்ப மாட்டார்கள். சந்தாவில் பார்ப்பதுதான் அப்படி, காசு கொடுத்து வாங்கினால் நம்முடையதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு இணையக் கடையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி, கார்டில் காசு கட்டி எடுத்த படம், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பட்டியலிலேயே இல்லை. விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். நான் வாங்கியது படத்தை இல்லையாம், பார்ப்பதற்கான அனுமதியையாம். இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனுமதியை மட்டும் விற்றுக்கொண்டு ‘வாங்கு’ என்று எழுதினால் அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டு, 2025 ஜனவரியில் இருந்து அமலில் இருக்கிறது.

என் அலமாரியில் இருந்து ஒரு படம் காணாமல் போனால் அதற்கு என் தங்கச்சி மகன் மட்டும்தான் காரணமாக இருப்பான்.

மொத்தம் எவ்வளவு செலவாச்சு?

வீட்டில் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறேன். அதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: ரொம்ப இல்லை.

நம்ம ஊர் சிடி கடையெல்லாம் ஓடிடி வந்துதானே மூடினாங்க?

எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. கொஞ்சம் முன்னால் இருந்து சொன்னால்தான் புரியும்.

முதலில் டெக் காலம், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பிளேயர் காலம். கலர் டிவி, டெக்கு, நாலு கேசட், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகை. தெருவே காசு போட்டு எடுக்கும், சைக்கிள் கேரியரில் டிவியைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார், முதல் படத்துக்குத் திண்ணை வரைக்கும் கூட்டம் நிற்கும், நாலாவது படம் ஓடும்போது டெக்கைத் திருப்பிக் கொண்டுபோக வந்தவர் மட்டும்தான் முழித்திருப்பார். சொந்தமாகக் கேசட் வாங்கி அடுக்கியவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் ‘சேகரிப்பு’ என்கிற பழக்கமே இங்கே விசிடியோடுதான் வந்தது. ஒரு சிடியில் 74 நிமிடம், ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, நீளமான படம் என்றால் மூன்று. இயக்குநர் வைத்த இடைவேளை ஒன்று, சிடி மாற்ற எழுந்து போகும் இடைவேளை இரண்டு.

பெரிய திருப்பம் 2007 வாக்கில். மோசர் பேர் கம்பெனி ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விட்டது. திருட்டு சிடியே கிட்டத்தட்ட அந்த விலைக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தது. மளிகைக் கடையில், மருந்துக் கடையில்கூடத் தொங்கவிட்டார்கள். என் அலமாரியில் பாதி அந்த நாலைந்து வருடத்தில் சேர்ந்ததுதான்.

அப்புறம் வந்தது ஓடிடி இல்லை, மெமரி கார்டு. டிவிடி பிளேயரிலேயே பென் டிரைவ் செருக ஓட்டை வைத்து விற்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அன்றைக்கே சிடியின் கதை முடிந்தது. பிளேயர் செய்கிறவனே சிடிக்குக் குழி வெட்டினான். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைகளில் ‘இங்கு பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்’ என்று போர்டு. இருபது ரூபாய் கொடுத்தால் ஒரு கார்டில் பத்துப் படம். சிடி கடைக்காரர்களே கம்ப்யூட்டரை வாங்கி வைத்து அதே வேலையைச் செய்தார்கள், வேறு என்ன செய்வது. நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2016 ஜனவரி, ஜியோ அந்த செப்டம்பர், பிரைம் வீடியோ அந்த டிசம்பர். இவர்கள் வரும்போது எனக்குத் தெரிந்த சிடி கடைகள் ஏற்கெனவே ரீசார்ஜும் ஜெராக்ஸும் செய்துகொண்டிருந்தன. ஓடிடி வந்து பார்த்தபோது பாடை கட்டி முடித்தாயிற்று.

தமிழ்ப் படத்துக்கு நல்ல ஒரிஜினல் டிவிடி ஏன் கிடைக்கவே மாட்டேங்குது?

நியாயமான வயிற்றெரிச்சல். புதுப் படம் சிடியாக வந்தால் தியேட்டர் கூட்டம் குறையும் என்று தியேட்டர்காரர்களுக்குப் பயம். தயாரிப்பாளருக்கோ டிவி உரிமையில் கிடைக்கும் காசுக்கு முன்னால் சிடி காசு கால் தூசு. அதனால் நல்ல டிவிடி எல்லாம் வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்று வந்தது. லண்டனில் இருந்து ஐங்கரன் போட்ட டிவிடியைச் சேலத்தில் ஒருவர் வைத்திருந்தார் என்றால் அவர் வீட்டில் யாரோ ஃபாரினில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரில் இருக்கும் நமக்குத் திருட்டு சிடிதான் மிஞ்சியது. அதைத் தடுக்க 2004இல் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோவைச் சேர்த்தார்கள். ரெய்டு வருகிற அன்று கடை பூட்டியிருக்கும், மறுநாள் திறந்திருக்கும்.

நேர்வழியில் முயன்று பார்த்தவர்களும் உண்டு. இயக்குநர் சேரன் 2015இல் ‘சினிமா டூ ஹோம்’ என்று ஆரம்பித்து, தன் புதுப் படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேராக வீட்டுக்கே கொண்டுவந்தார். நல்ல யோசனை, பத்து வருடம் லேட். மோசர் பேரும் திவாலாகி 2018இல் கலைக்க உத்தரவானது.

உங்ககிட்ட இருக்கிறது எல்லாம் ஒரிஜினலா?

இல்லை. முன்பு வாங்கியதில் கணிசம் ‘த்ரீ இன் ஒன்’, ‘ஃபைவ் இன் ஒன்’ என்று ஒரே சிடியில் பல படம் திணித்த திருட்டு வகைதான். கவரில் ஒரு படம், உள்ளே வேறு படம் இருந்ததும் நடந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வேறு எங்குமே கிடைக்காத சில பழைய படங்களை மட்டும் மனசு வராமல் வைத்திருக்கிறேன், யாருக்கும் காப்பி போட்டுத் தருவதில்லை, கேட்காதீர்கள்.

விசிடியைப் பெரிய டிவியில் போட்டா கண்றாவியா இருக்கே?

இருக்கத்தான் செய்யும். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளி. ஃபுல் எச்டி டிவியில் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் டிவியில் இருக்கும் புள்ளியில் இருபதில் ஒரு பங்குதான் சிடியில் இருக்கிறது, மீதியை டிவி தானாக இட்டு நிரப்புகிறது. இருபது பேர் பந்திக்கு ஒருவருக்கான சாம்பாரை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பரிமாறின மாதிரி. படத்தைச் சின்னதாக ஓடவிட்டுப் பாருங்கள், பரவாயில்லாமல் இருக்கும்.

புள்ளி குறைவதைவிட எனக்குக் கோபம் வருவது ஓரத்தை வெட்டுவதில்தான். தமிழில் சினிமாஸ்கோப் 1973இல் வந்தது. அந்த அகலப் படங்களைப் பழைய சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டி சிடி போட்டார்கள். இரண்டு பேர் பேசும் காட்சியில் திரையில் தெரிவது ஒரு மூக்கும் இன்னொரு மூக்கும். இப்போது இணையத்தில் நேர் எதிர்: பழைய சதுரப் படத்தை அகல டிவிக்காக மேலேயும் கீழேயும் வெட்டி ‘எச்டி’ என்று போடுகிறார்கள். நாயகியின் கொண்டையைக் காணோம். அப்படிப்பட்ட படத்துக்கு என்னுடைய மங்கலான விசிடியே மேல், அதில் முழுப் படமும் இருக்கிறது.

ப்ளூ-ரேக்கும் ஓடிடிக்கும் நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?

32 அங்குல டிவியில், டிவியின் ஸ்பீக்கரிலேயே கேட்டால் தெரியாது. 55 அங்குலத்துக்கு மேல், தனியாக ஸ்பீக்கரும் இருந்தால் தெரியும். எச்டி படத்துக்கு ஓடிடிக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும், ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 வரைக்கும் போகும். இருட்டுக் காட்சி, மழை, புகை வரும் இடங்களில் பாருங்கள், ஓடிடியில் கருப்பு கட்டம் கட்டமாகத் திட்டுத்திட்டாக நிற்கும். ஒலியில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஆனால் இதற்காக மட்டும் யாரும் ப்ளூ-ரே வாங்க வேண்டாம். தமிழ்ப் படம் அதில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

சிடி எத்தனை வருஷம் தாங்கும்?

கம்பெனியில் அச்சடித்த சிடி நன்றாக வைத்திருந்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை மாதிரி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு போக ஆரம்பித்துவிட்டது. ஒன்று ஞாபகம் வையுங்கள்: சிடியிலும் விசிடியிலும் தகவல் இருப்பது எழுத்து அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டி. நாம் எல்லாரும் பளபளப்பான பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினோம். அந்தக் கீறல்தான் தீராது. அடிப்பக்கக் கீறலைப் பெரும்பாலும் பிளேயர் சமாளித்துக்கொள்ளும். துடைக்கும்போது நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கவும், வட்டமாக வேண்டாம். பேஸ்ட் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பல்லுக்கே அது போதும்.

சீக்கிரம் சாகிறது ரைட் செய்த சிடி. அதில் இருப்பது ஒரு சாயம், வெயிலும் சூடும் பட்டால் வெளுத்துவிடும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் பீரோ மேல் வைத்த சிடி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண கேசட்டைப் பார்க்க முடியுமா? மாத்தித் தருவீங்களா?

உண்மையைச் சொன்னால் எனக்கு வரும் கேள்வியில் பாதி இதுதான். 900 படத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, எல்லாருக்கும் 1992இல் நடந்த அவரவர் கல்யாணம் வேண்டும். நியாயம்தான், அது எந்த ஓடிடியிலும் வராது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் எங்கள் பெரியப்பா வீடு இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1500 மீட்டர் உயரம், ஜூலையில் இருந்து டிசம்பர் வரைக்கும் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே மேகம் புகுந்து வரும். துணி காயாது, தீப்பெட்டி நமுத்துவிடும். அங்கே மர அலமாரியில் 14 கேசட் இருபது வருடமாக இருந்தது. ஆசையாக எடுத்துவந்து முதல் கேசட்டை என் டெக்கில் போட்டேன். படம் இரண்டு நிமிடம் வந்தது, பிறகு வெறும் கோடு. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை. அது டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போட்ட என் சொந்த கேசட்டுக்கும் போய்விட்டது. பெரியம்மா கேட்டபோது ‘மழையில கரன்ட் இல்ல’ என்று சொல்லிவைத்தேன்.

அதனால்: மலையில் இருந்து வந்த கேசட்டை உடனே போடாதீர்கள். டார்ச் அடித்து ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில வாரம் வையுங்கள், காய்ந்ததும் வெளியில் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெதுவாகத் துடைத்துச் சுற்றி எடுக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தமான கேசட் என்றால் வேலை சுலபம், நேரம்தான் ஆகும்: மூன்று மணி நேர கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம், குறுக்கு வழி கிடையாது. மாற்றியதை டிவிடியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வீட்டில்.

இன்னொன்று. 2005க்குப் பிறகு கல்யாணம் ஆனவர்கள் ‘எங்களுது கேசட் இல்ல, சிடி’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஸ்டுடியோவில் கொடுத்தது ரைட் செய்த டிவிடி, மேலே மாப்பிள்ளை பெண் படத்தோடு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கும். கேசட்டுக்கு முன்னால் அதுதான் போகும். இன்றைக்கே காப்பி எடுங்கள்.

பிளேயரே கிடைக்கலையே?

சாம்சங் 2019இல் ப்ளூ-ரே பிளேயரைக் கைவிட்டது, எல்ஜி 2024இல். டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனி, ஜப்பானின் ஃபுனாய், 2016லேயே நிறுத்திவிட்டது. டிவிடியைத் தபாலில் அனுப்பித்தான் தொழிலே ஆரம்பித்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் கடைசி டிவிடியை அனுப்பியது. ஆக, புதிதாக எதிர்பார்க்காதீர்கள். விசிடி, டிவிடிக்குக் கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். விசிடியைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்று ஒரு ஃபோல்டர், அதில் ‘டேட்’ ஃபைல். விஎல்சி என்கிற கம்ப்யூட்டர் பிளேயரில் அப்படியே ஓடும். வீட்டில் பழைய பிளேயர் இருந்து, டிவியில் சிவப்பு வெள்ளை மஞ்சள் ஓட்டை இல்லை என்றால், எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்ன டப்பா விற்கிறார்கள்.

பழைய சிடியை வித்தா என்ன கிடைக்கும்?

ஒரு காலத்தில் பழசு எதைப் போட்டாலும் பேரீச்சம்பழம் கிடைத்தது, இதற்கு அதுவும் கிடையாது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கேட்டுப் பார்த்தேன். அட்டையை எடைக்கு எடுத்துக்கொண்டு சிடியைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓமலூர் பக்கம் போனால் சோளக்காட்டில் குருவி விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம். வெயிலில் பளிச் பளிச் என்று சுற்றும். எந்தப் படமோ.

மாடர்ன் தியேட்டர்ஸ் படமெல்லாம் இருக்கா?

சேலத்துக்காரனிடம் இதைக் கேட்காமல் போனால்தான் கோபம் வரும். 1935இல் டி.ஆர். சுந்தரம் இங்கே ஏற்காடு சாலையில் ஆரம்பித்து நூற்றுக்கு மேல் படம் எடுத்த ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’, 1938இல், இங்கே எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956, அதுவும் இங்கேதான். இன்றைக்கு மிச்சம் நிற்பது அதன் வாசல் வளைவு மட்டும். பஸ்ஸில் ஏற்காடு போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்க்கிறார்கள்.

என்னிடம் 23 இருக்கிறது. அலிபாபா மூன்று விதமாக இருக்கிறது, மூன்றிலும் கலர் மூன்று விதம், எது சுந்தரம் பார்த்த கலர் என்று சொல்ல ஆளில்லை. நம் சட்டப்படி படம் வெளியாகி 60 வருடம் முடிந்தால் அது எல்லாருக்கும் பொது, அலிபாபா 2017 ஜனவரியிலேயே பொதுவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் எதை வைத்துப் போடுவது? நல்ல பிரின்ட் கையில் இருந்தால்தானே. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931, பிரதியே இல்லை. அதற்கும் இப்போது உரிமை கோர யாருமில்லை, எடுத்துப் போடத் தடையில்லை, படம்தான் இல்லை. இந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் என் அலமாரி ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போ நான் புதுசா சேர்க்க ஆரம்பிக்கலாமா?

எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், அது வியாதி, எனக்கு இருந்தது. புதுப் படத்தை விடுங்கள், அதற்கு நூறு பிரதி எங்காவது இருக்கும். உங்களுக்குப் பிடித்த பழைய படம் ஐம்பதுக்குப் பட்டியல் போட்டு, இணையத்தில் தேடுங்கள். முழுசாக, வெட்டாமல், டிவி சேனல் லோகோ இல்லாமல் கிடைக்காதது ஒரு பதினைந்து தேறும். அந்தப் பதினைந்தைத் தேடி வாங்குங்கள். யாராவது வீடு மாற்றும்போதும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் மூட்டையாக வெளியே வரும், மார்கழி கடைசியில் தெருவில் ஒரு கண் வையுங்கள். என்னுடைய நல்ல சரக்கில் பல போகிக்கு எரிக்க வைத்த குப்பையில் இருந்து எடுத்ததுதான். எரிந்திருந்தால் நாற்றம் வேறு.

உங்களுக்கு அப்புறம் இதெல்லாம் என்ன ஆகும்?

கேட்கிறவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள், எனக்குச் சங்கடம் இல்லை. போன வருடம் மகளை உட்காரவைத்து 41 சிடியின் முதுகில் சிவப்புப் புள்ளி ஒட்டினேன். அது மட்டும் போகக்கூடாது, மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று சொல்லியிருக்கிறேன். ‘சோளக்காட்டுக்குக் கொடுக்கலாமா’ என்றாள். கொடு என்றேன்.

ஒருநாள் வந்து பார்க்கலாமா?

ஞாயிறு மூன்று மணிக்கு மேல் வாருங்கள். வரும்போது தட்டுவடை செட் வாங்கி வந்தால் சந்தோஷம். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அலமாரியைத் தொடவிடுவேன், அந்தக் காரச் சட்னி ஒரு தடவை சிடியில் பட்டு என்ன ஆனது என்று நேரில் சொல்கிறேன்.